கம்ப்யூட்டருக்கு கரண்ட் எப்படிப் போகுது? நீங்க கேட்டதும் என் பதிலும்

கே: சிபியூ பாக்ஸ தொட்டா சுர்ருனு லேசா ஷாக் அடிக்குது. எஸ்எம்பிஎஸ் போயிடுச்சா?

பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் (சிபியூ பாக்ஸுக்குள்ள கரண்ட் குடுக்கற பெட்டி) நல்லாதான் இருக்கும், முதல்ல வீட்டு எர்த்த செக் பண்ணுங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல பேஸ்ல இருந்து ஒண்ணு நியூட்ரல்ல இருந்து ஒண்ணுனு பாடிக்கு குட்டி கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, எர்த் இருந்தா அதுல கசியற துளி கரண்ட் மண்ணுக்குப் போயிடும், இல்லேன்னா பாடி நடுவுல மாட்டிக்கிட்டு 230ல பாதி, 115 வோல்ட் கிட்ட நிக்கும். டெஸ்டர் வச்சா எரியும். இந்தக் கசிவு ரொம்ப கம்மிதான், ஆனா என் பயம் வேற. எர்த் இல்லாத வீட்ல என்னைக்காவது நெஜமாவே பேஸ் வயர் பாடில பட்டா ஃபியூஸ் போகாது, தொடறவங்க உடம்பு வழியாதான் கரண்ட் இறங்கும். அதனால அந்த தடிச்ச மூணாவது பின்ன தயவுசெஞ்சு உடைக்காதீங்க. சாக்கெட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிடலாம்னு எலக்ட்ரீஷியன் சொன்னா ஒத்துக்காதீங்க, வெளிய நியூட்ரல் கட் ஆனா முழு 230ம் பாடிக்கு வந்துடும்.

கே: ஏசி கரண்ட் செகண்டுக்கு 100 தடவ ஜீரோ ஆகுதாமே, அப்புறம் ஏன் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகல?

ஆமா, 50 ஹெர்ட்ஸ்னா 100 தடவ ஜீரோ தாண்டும். எஸ்எம்பிஎஸ் அத டிசியா மாத்தி பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட்டுக்கு சேத்து வைக்குது (சில மாடல்ல 400 கிட்ட), ஜீரோ ஆகற நேரத்துக்கு அதுல இருந்துதான் ஓடுது. அப்புறம் அத செகண்டுக்கு பல்லாயிரம் தடவ வெட்டி சின்ன டிரான்ஸ்ஃபார்மர்ல விட்டு 12 வோல்ட் ஆக்கும், மதர்போர்டு அதையும் பிராசசர் பக்கத்துல 1 வோல்ட் கிட்ட இறக்கும். 100 வாட் பிராசசர்னா அங்க 100 ஆம்பியர் ஓடுது, யோசிச்சுப் பாருங்க! பிளக்க பிடுங்கின பிறகும் அந்த கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், எஸ்எம்பிஎஸ்ஸ திறக்காதீங்க.

கே: வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, தனியா யூபிஎஸ் வேணுமா?

கரண்ட் போனா எஸ்எம்பிஎஸ் ஃபுல் லோடுல ஏறக்குறைய 16 மில்லி செகண்ட்தான் தாங்கும், அதுக்குள்ள இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறணும். இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடுன்னு ஸ்விட்ச் இருந்தா அதுல போடுங்க, சீக்கிரம் மாறும். அப்பவும் ரீஸ்டார்ட் ஆச்சுன்னா யூபிஎஸ் வாங்கிடுங்க. புதுசா இன்வெர்ட்டர் வாங்கறவங்க சைன் வேவ் வாங்குங்க, ஸ்கொயர் வேவ் சில எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒத்துக்காது.

கே: 600 விஏ யூபிஎஸ்னா 600 வாட்டா?

இல்ல, விஏங்கறது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கின கணக்கு, வாட் வேற. அந்த சைஸ்ல நிறைய மாடல் 360 வாட்தான், லேபிள்ல வாட் கணக்க பாத்து வாங்குங்க. லேசர் பிரிண்டர மட்டும் அதுல சொருகவே கூடாது, உள்ள இருக்கற ஹீட்டர் இழுக்கற இழுப்புக்கு யூபிஎஸ் தாங்காது.