பெரிய பெயரா, பொருத்தமான பீடமா? கம்பஸ் விண்ணப்பக் கேள்விகளுக்குப் பதில்

உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் கணக்குப் புள்ளி) கையில் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு வாக்குவாதம். கொழும்பு, மொரட்டுவை, பேராதனை என்ற பெயர்களை விட்டுவிட்டு யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில் (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) பக்கம் போகலாமா என்று கேட்டவர்களுக்கான பதில்கள் கீழே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கோண்டாவில், கணிதப் பிரிவு மாணவன்: மொரட்டுவையை முதலாவதாப் போட்டு யாழ்ப்பாணத்தை நாலாவதாப் போட்டால், மொரட்டுவை தவறினாப் பிறகு யாழ்ப்பாணத்திலையும் பின்னுக்குத் தள்ளிப்போடுவினமோ? ரியூசனிலை அப்பிடித்தான் சொல்லினம்.

இல்லை தம்பி. இந்தக் கதை வருசா வருசம் வரும். யாழ்ப்பாணத்தை நீங்கள் முதலாவதாகப் போட்டாலும் பத்தாவதாகப் போட்டாலும், அந்த இடத்துக்கான போட்டியில் பார்க்கப்படுவது உங்கள் இசட் புள்ளிதான். விருப்ப ஒழுங்கு ஒன்றுக்கு மட்டும் பயன்படும்: உங்கள் புள்ளிக்கு எட்டக்கூடிய இடங்களில் எது பட்டியலில் மேலே இருக்கிறதோ அதைத் தருவார்கள். ஆகவே "கிடைக்காது" என்று பயந்து ஒன்றைக் கீழே இறக்கவும் வேண்டாம், "கிடைக்கும்" என்பதற்காக ஒன்றை மேலே ஏற்றவும் வேண்டாம். உண்மையிலேயே எங்கே போக ஆசையோ அந்த ஒழுங்கில் எழுதுங்கள்.

பிழைவிடும் இடம் வேறு. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததற்குத்தான் ஒரு குறியீடு. ஒரே பெயருள்ள பாடநெறிக்கு ஐந்து குறியீடு இருக்கலாம். போன வருசக் கையேட்டைப் பார்த்து நிரப்பியவர்கள் குறியீடு மாறி மாட்டுப்படுவதுண்டு. அந்த ஆண்டுக் கையேட்டை மட்டும் வைத்து, நிரப்பியபின் இன்னொருவரைக் கொண்டு குறியீட்டை உரத்து வாசிக்கச் செய்து சரிபாருங்கள்.

அதே மாணவன்: மொரட்டுவைக்கு மட்டுமட்டாக் காணும்போல கிடக்கு. வேணுமெண்டே கிளிநொச்சி பொறியியல் பீடத்தை மேலை போடுறது விசர்வேலையோ?

விசர்வேலை இல்லை, ஆனால் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில்.

பொறியியலுக்கு எடுபட்டவுடனே நீங்கள் சிவில் அல்லது கணினி மாணவர் ஆகிவிடுவதில்லை. மொரட்டுவை, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் முதலில் பொதுப் பாடங்கள். அதில் எடுக்கும் புள்ளிச் சராசரியையும் (GPA) உங்கள் விருப்பத்தையும் வைத்தே துறையைப் பிரிப்பார்கள். மொரட்டுவைக்குள் கடைசிப் புள்ளியில் நுழைகிறவர், தீவின் முன்னணிப் புள்ளிக்காரர்களோடு அந்தப் பொதுப் பாடங்களில் மோத வேண்டும். கணினித்துறைக்கென்று போய், கடைசியில் மிஞ்சிய துறையில் மிச்சப் படிப்பை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அறிவியல்நகரில் அதே பிள்ளை மேல்நிரலில் நின்று விரும்பிய துறையை எடுக்க வாய்ப்புக் கூட.

மறுபக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பொறியியல் பீடத்தில் சிவில், இயந்திரம், மின்–இலத்திரனியல், கணினி என்று சில துறைகள்தான். இரசாயனப் பொறியியல் வேண்டுமென்றால் பேராதனை, மொரட்டுவை. மூலப்பொருள் பொறியியல் என்றால் மொரட்டுவை. அந்த ஆசை உள்ளவர் கிளிநொச்சியை மேலே போடுவதில் அர்த்தமே இல்லை.

"பட்டத்துக்கு மதிப்பு இருக்குமோ" என்பதற்கு ஊர்ப்பேச்சைக் கேட்காதீர்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறதா, எந்த ஆண்டு உள்நுழைந்தவர்கள் வரை என்று அதன் பட்டியலில் பாருங்கள். இலங்கை 2014 இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது; அங்கீகாரம் பெற்ற பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்பது அதன் வழியாகத்தான். அங்கீகாரம் பீடத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதல்ல, ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி, அதுவும் காலவரையறையோடு. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நல்லூர், தாய் ஒருவர்: மகளுக்கு மருத்துவம் கிடைக்கும். கொழும்பு மருத்துவ பீடத்திலை படிச்சால்தான் பிறகு ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம் எண்டு சொல்லினம்.

அம்மா, அரச மருத்துவ பீடங்களில் இருந்து வெளியேறுபவர்களின் உள்ளகப் பயிற்சி நியமனம் பொதுவான தகுதி நிரலில்தான் நடக்கிறது. நிரலில் முன்னுக்கு நிற்பவர் எந்தப் பீடத்தவராக இருந்தாலும் ஆஸ்பத்திரியை முதலில் தெரிவு செய்வார். நிபுணர் ஆவதற்கான பரீட்சைகளை நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். அதற்கு எல்லாப் பீடத்தவரும் ஒரே பரீட்சைதான் எழுதுகிறார்கள். மருத்துவத்தைப் பொறுத்தவரை பெயருக்கு இருக்கும் பெறுமதி மிகக் குறைவு. மகள் வீட்டிலிருந்தே போதனா வைத்தியசாலைக்குப் போய்வரலாம் என்பது, ஐந்து வருசப் படிப்பில், பெயரைவிடப் பெரிய விசயம்.

சாவகச்சேரி, வர்த்தகப் பிரிவு: ஜயவர்த்தனபுர முகாமைத்துவமோ, யாழ்ப்பாணமோ, வவுனியாவோ?

சார்ட்டர்ட் கணக்காளர் ஆகும் எண்ணம் இருந்தால் கொழும்புப் பக்கம், அதாவது ஜயவர்த்தனபுரவுக்குப் போங்கள். காரணம் பெயரல்ல, இடம். தொழில்முறைப் பரீட்சையோடு அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பயிற்சிக் காலமும் முடிக்க வேண்டும். பெரிய கணக்காய்வு நிறுவனங்கள் கொழும்பில்தான் குவிந்திருக்கின்றன. படிக்கும்போதே பின்னேரம் பயிற்சிக்குப் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பவருக்குக் காலம் மிச்சம்.

வங்கி, அரச சேவை, ஆசிரியம், சொந்தத் தொழில் என்றால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ நல்ல வகுப்பு எடுப்பது போதும். நிர்வாக சேவைத் திறந்த போட்டிப் பரீட்சை, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. எந்த ஊரில் பெற்றது என்று பார்ப்பதில்லை.

மானிப்பாய், தகப்பன்: கனடாவிலை இருக்கிற தம்பி சொல்லுறார், வவுனியாப் பட்டத்தை அங்கை ஒருத்தரும் கணக்கெடுக்காயினமாம்.

வவுனியா 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். அதற்கு முன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். புதுப் பெயர் என்பதால் தம்பியாருக்குத் தெரியாமல் இருக்கலாம். வெளிநாட்டில் சான்றிதழ் மதிப்பிடும் நிறுவனங்கள் முதலில் பார்ப்பது, அந்த நிறுவனம் தன் நாட்டில் சட்டப்படி பட்டம் வழங்க அதிகாரம் பெற்றதா என்பதை. அரச பல்கலைக்கழகங்கள் எல்லாம் அந்தத் தகுதி உள்ளவை.

அங்கே உண்மையில் இடறுவது வேறு. மூன்று வருடப் பொதுப் பட்டமா, நான்கு வருடச் சிறப்புப் பட்டமா என்பது ஒன்று. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முன்னது 5 ஆம் மட்டம், 90 திறமைப்புள்ளி (கிரெடிட்). பின்னது 6 ஆம் மட்டம், 120 திறமைப்புள்ளி. வட அமெரிக்காவில் முதுமாணிக்கு நான்கு வருடப் பட்டம் கேட்பது வழக்கம். பேராதனையில் பொதுப் பட்டத்தோடு நிற்பதைவிட வவுனியாவில் சிறப்புப் பட்டம் முடிப்பது அங்கே கூடுதலாக உதவும். மற்றது, பெறுபேற்று விபரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். அதைத் தாமதமில்லாமல் செய்யும் பதிவாளர் கிளையா என்று முடித்துப் போனவர்களிடம் விசாரியுங்கள்.

உரும்பிராய், மாணவி: ஒரு துறை நல்லதோ கூடாதோ எண்டு வெளியாலை நிண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி தங்கச்சி. ஒரு பின்னேரம் ஒதுக்கினால் காணும்.

முதலில் துறையின் இணையப்பக்கத்தில் ஆளணியை எண்ணுங்கள். பேராசிரியர், சிரேஷ்ட விரிவுரையாளர் எத்தனை, தகுதிகாண் விரிவுரையாளர் (புதிதாகச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாதவர்) எத்தனை, அவர்களில் கல்வி விடுமுறையில் வெளிநாடு போயிருப்பவர் எத்தனை. பட்டியலில் பன்னிரண்டு பெயர் இருந்து ஐந்து பேர் விடுமுறையில் என்றால், இறுதி வருட ஆய்வுக்கு வழிகாட்ட ஆள் தேட வேண்டி வரும். விசேட பாடங்கள் கையேட்டில் இருக்கும், வகுப்பறையில் இராது.

அடுத்தது மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுச் சபை வெளியிடும் மீளாய்வு அறிக்கைகள். பாடநெறி வாரியாகத் தரமிட்டிருப்பார்கள். தரத்தை மட்டும் பார்த்து மூடிவிடாமல், குறைகளும் பரிந்துரைகளும் எழுதிய பக்கத்தைப் படியுங்கள். "ஆய்வுகூட உபகரணம் போதாது" என்பதும் "கூட்டக் குறிப்புகள் ஒழுங்கில்லை" என்பதும் ஒரே அளவு புள்ளி குறைத்திருக்கலாம். உங்களுக்கு முன்னது மட்டுந்தான் முக்கியம்.

மூன்றாவது, சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள், எந்த வருசப் பெறுபேற்றில், என்ன புள்ளிச் சராசரியில். விஞ்ஞான, கலைப் பீடங்களில் இது எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நூறு பேரில் பத்துப் பேரை எடுக்கும் பெரிய பீடமும், முப்பது பேரில் பத்துப் பேரை எடுக்கும் சின்னப் பீடமும் ஒன்றல்ல.

கடைசியாக, நாள்கணக்கு. "நாலு வருசப் படிப்பு" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கடைசியாக வெளியேறிய அணியிடம் இரண்டு திகதி கேளுங்கள்: பதிவு செய்த மாதம், இறுதிப் பெறுபேறு வந்த மாதம். பரீட்சைப் பெறுபேறு ஆறு மாதம் இழுபடும் துறையில், மீள எழுதவேண்டிய பாடம் எது என்று தெரியாமலே அடுத்த பரீட்சைக்குப் போக நேரிடும். வேலை நிறுத்தம் எங்கும் வரும்; அதற்குப்பின் எவ்வளவு கெதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கரவெட்டி, மாணவன்: விரிவுரையாளரா வர விருப்பம். கொழும்பிலை இரண்டாம் வகுப்போ, கிழக்கிலை முதல் வகுப்போ?

முதல் வகுப்பு. தகுதிகாண் விரிவுரையாளர் ஆட்சேர்ப்பு பட்டத்தின் வகுப்பைப் பார்க்கிறது. பெரும்பாலான பீடங்களில் முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 சராசரி வேண்டும். முதல் வருசத்தில் விழுந்த சராசரியைப் பிறகு ஏற்றுவது கடினம். "பழகிக்கொள்ளும் வருசம்" என்று விட்டவர்கள் 3.6 இல் நின்றுபோவதைக் காணலாம்.

சுன்னாகம்: ஐ.டி. படிக்க வவுனியா, திருகோணமலை வளாகம் எல்லாம் சரிவருமோ?

வவுனியாவும் சரிவரும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் சரிவரும். ஐ.டி. நிறுவனங்கள் நேர்முகத்தில் நிரலெழுதச் சொல்லித்தான் பார்க்கின்றன. தொழிற்பயிற்சி பாடத்திட்டத்துக்குள் புள்ளியோடு இருக்கிறதா, எத்தனை மாதம், இடம் பிடித்துக் கொடுப்பது துறையா மாணவரா என்று மட்டும் கேட்டுவையுங்கள். மாணவரே தேட வேண்டுமென்றால் கொழும்பில் ஆறு மாத அறை வாடகையையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

மருதனார்மடம்: மகள் சங்கீதம். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் யோசிக்கிறம்.

இரண்டும் நல்லது. ஒரு பொறி: உளச்சார்பு (aptitude) அல்லது செயன்முறைப் பரீட்சை உள்ள பாடநெறிக்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். அதை அனுப்பிவிட்டு ஆணைக்குழு விண்ணப்பத்தில் குறியீட்டைப் போட மறந்தாலும் இடமில்லை. குறியீட்டைப் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போகாவிட்டாலும் இடமில்லை. இரண்டும் வேண்டும்.

அச்சுவேலி: சின்ன கம்பஸிலை பகிடிவதை குறைவோ?

அளவைப் பொறுத்து இல்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை எங்கும் குற்றம். முதல் வருட மாணவருக்குத் தனி விடுதி இருக்கிறதா, முறைப்பாட்டை யார் எடுப்பார் என்று மாணவர் ஆலோசகரிடம் பதிவு நாளிலேயே கேளுங்கள்.

பருத்தித்துறை, மாணவி: ஒலுவில் கிடைச்சிட்டுது. பேராதனைக்கு 0.03 காணாது. பதியிறதோ, திரும்ப எழுதுறதோ?

பதிந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: வெற்றிடம் நிரப்பும்போது, பட்டியலில் மேலே நீங்கள் போட்ட இடம் ஒன்று திறந்தால் அங்கே மாற்றுவார்கள். 0.03 இடைவெளிக்கு அது நடக்கக்கூடியது. ஆனால் பதிந்தபின் அடுத்த முறை பெறுபேற்றை வைத்துப் புதிதாக விண்ணப்பிக்கும் கதவு மூடப்படும். அந்த நிபந்தனையைக் கையேட்டில் ஒருதரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திரும்ப எழுதினால் மூன்று பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டும். பழைய நல்ல பாடத்தைத் தூக்கிச் சேர்க்க முடியாது. இசட் புள்ளி, உங்கள் புள்ளி அந்த வருசச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதன் கணக்கு. மற்றவர்களும் ஏறினால் நீங்கள் ஏறியது தெரியாது. இது உங்கள் மூன்றாவது தடவையா என்று எழுதவில்லை. மூன்றாவது என்றால் திரும்ப எழுதும் பேச்சே இல்லை, நாளைக்கே பதியுங்கள். முதலாவது என்றால், பேராதனையில் மட்டும் இருக்கும் பாடநெறியா என்று பாருங்கள். அதே பட்டம் ஒலுவிலிலும் இருந்தால், ஒரு வருசத்தை 0.03 க்காகக் கொடுக்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன்.