புரோங்கைட்டிஸ் வந்தால் நுரையீரல் பழுதாகிவிடுமா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் உங்கள் தாயாருக்கு 10 நாட்களாக இருமல் நிற்கவில்லை என்றும், கிளினிக்கில் புரோங்கைட்டிஸ் என்று சொல்லி, ஆன்டிபயாடிக் தராமல் அனுப்பிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பதற வேண்டாம். இந்நோயில் வீங்குவது, மார்புக்குள் கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக்குழல்களின் உட்சுவர். இரத்தத்தில் ஆக்சிஜன் கலக்கும் காற்றுச் சிற்றறைகள் பாதிக்கப்பட்டால்தான் அது நிமோனியா. அந்த உட்சுவரிலுள்ள நுண்மயிர்கள் சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். கிருமி தாக்கும்போது அவை சேதமடைவதாலும், சளி மிகுதியாகச் சுரப்பதாலும், அதை வெளியேற்றும் வேலை முழுவதும் இருமலின் தலையில் விழுகிறது. காய்ச்சல் விட்ட பிறகும் உட்சுவர் ஆறும் வரை, ஏறத்தாழ 3 வாரம், இருமல் நீடிக்கலாம். பெரும்பாலும் வைரஸே காரணம் என்பதால் ஆன்டிபயாடிக்கால் பயனில்லை; சளி பச்சையாக இருப்பது மட்டும் ஆன்டிபயாடிக் கொடுக்கப் போதிய காரணமாகாது.

நான் அஞ்சுவது நாட்பட்ட வகையை. ஆண்டுக்கு 3 மாதமாவது சளியோடு கூடிய இருமல், தொடர்ந்து 2 ஆண்டுகள் இருந்தால், சிகரெட்டோ விறகுப் புகையோ குழல்களைத் தடிக்க வைத்துக் காற்றோட்டத்தையே குறைத்திருக்கக்கூடும். தோட்டத்தில் இதை வயதானவர் இருமல் என்று விட்டுவிடுகிறார்கள். அது மிகவும் தவறு.

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால், காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய, அரசு கிளினிக்கில் சளிப் பரிசோதனை கேளுங்கள். மூச்சுத் திணறலோ சளியில் இரத்தமோ தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.