ஜனவரிக்குள் 247 எழுத்தும் தெரிந்தாக வேண்டுமா?

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. ஜனவரியில் தொடக்கநிலை 1க்குப் போகிறாள். ஆங்கிலம் வாசிக்கிறாள். தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவளுடைய பாலர் பள்ளியில் தமிழ் இல்லை. "247 எழுத்தும் தெரியாவிட்டால் முதல் வாரமே பின்தங்கிவிடுவாள்" என்கிறது ஒரு துணைப்பாட நிலையம். ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள். 200 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். வீட்டில் நான் என்ன செய்யலாம்? - செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

247 என்பது ஆளை மிரட்டும் கணக்கு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மற்ற 216ம் இவை சேர்ந்து பிறப்பவை. அவற்றை ஒரு பிள்ளை வரிசையாக ஒப்பிக்கலாம்; ஒரு சொல்லைக் காட்டினால் திருதிருவென விழிக்கும். அப்படி ஒப்பிக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகளுக்குக் குறை எழுத்தில் இல்லை, வாயில். காதில் விழுந்து நாவில் புரண்ட சொல்லைத்தான் பிள்ளை கண்ணால் பிடிக்கும். தம்பி என்று பேசிப் பழகியவளுக்கு அந்த 'பி' எப்படி ஒலிக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். பேசாதவளுக்கு எந்த அட்டையும் உதவாது. அதனால் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தமிழ். அவள் ஆங்கிலத்தில் சொன்னால் அதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். "தமிழ்ல சொல்லு" என்று அதட்ட வேண்டாம். பேச்சுத்தமிழே போதும், பள்ளியிலும் அதில்தான் பேச வைப்பார்கள். இரவில் ஒரு கதை. நூலகத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்.

எழுத்துக்கு வருவோம். 'அ'வில் தொடங்காதீர்கள். அந்தச் சுழியும் வளைவும் ஆறு வயது விரலுக்குப் பாடு. ட, ப, ம மூன்றையும் எடுங்கள். ட, ப இரண்டும் நேர்கோடுதான். ம-வில் மட்டும் ஒரு வளைவு. கூடவே புள்ளி. படம், பட்டம், மட்டம் வந்துவிட்டன. துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாமா, பாப்பா. அப்புறம் 'அ'வைக் கொண்டுவந்தால் அம்மாவும் அப்பாவும் கையில். நாலே எழுத்தில் பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், கொட்டாவி விட்டால் நிறுத்திவிடுங்கள். கையில் ஒரு நாணயத்தைக் கொடுத்து "இதில் 'ப' எங்கே?" என்று கேளுங்கள். சிங்கப்பூர் நாணயத்தில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கிறது, 'ப்பூ'வில் தேடுவாள்.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் தாள்களைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். வாங்க வேண்டாம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதித் தரும் தாளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை அதை மட்டும் வாசித்துவிட்டுத் தமிழ் எழுத்தைத் திரும்பியும் பார்க்காது. "பள்ளியில் எங்களுக்கு ஆள் தெரியும்" என்கிற நிலையத்தில் உட்காரவே உட்காராதீர்கள்.

இந்த வியாபாரத்துக்கு வழிவிட்டது யார்? தொடக்கநிலை 1, 2க்குத் தேர்வு கிடையாது என்று 2019 முதல் கல்வி அமைச்சு நிறுத்திவிட்டது. நல்ல காரியம். ஆனால் சொல்வதெழுதுதல் பட்டியல் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. தமிழ் கற்பிக்கும் பாலர் பள்ளியும் எல்லா வட்டாரத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. பெற்றோர் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். ஆறு வயதாகியும் வெளியாளுக்குப் பேச்சு புரியவில்லை, எந்த மொழியிலும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்ல வரவில்லை, கூப்பிட்டால் அடிக்கடி திரும்புவதில்லை என்றால் அது தமிழ்ப் பிரச்சினை அல்ல. தமிழை நிறுத்தினாலும் தீராது, ஆங்கிலத்தைக் கூட்டினாலும் தீராது. துணைப்பாட நிலையங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் 'மதிப்பீடு' அதற்கு மருந்தும் அல்ல. பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்த வழியில் போனால் மானியக் கட்டணம். காத்திருக்க வேண்டியிருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு இது பொருந்தாது.

அந்த 200 வெள்ளி: ரசீதில் 'திரும்பத் தரப்படாது' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், வாயால் மட்டும் கேட்காதீர்கள். இழுத்தடித்தால் அந்த ரசீதோடு கேஸ் என்கிற பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள்.