கூட்டாளி நிறுவனம் பாதியில் விலகினால் யார் பொறுப்பு?

கேள்வி: நான் கட்டட ஒப்பந்ததாரர். பெரிய டெண்டர் ஒன்றுக்கு என் முன்அனுபவச் சான்று போதவில்லை. அதனால் பைல் அஸ்திவாரத்தில் (தரைக்குள் ஆழமாக இறக்கும் தூண்கள்மேல் நிற்கும் அஸ்திவாரம்) பேர்பெற்ற ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்தேன். அஸ்திவாரம் அவர்களுக்கு, மேற்கட்டுமானம் எனக்கு, பங்கு 40:60. பாதி பைல் போட்டதும் ஆட்களையும் இயந்திரங்களையும் வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல வருடப் பழக்கம் என்று நம்பி மோசம் போனேன். இப்போது வேலை கொடுத்தவர் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். தவறு முழுவதும் கூட்டாளியுடையது, போட்ட பைல்களும் தரமில்லை என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

நட்பு, துரோகம், பங்கு விகிதம் எதுவும் இப்போது உதவாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன். ஃபிடிக் என்ற பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பு கட்டுமான வேலைகளுக்காக வெளியிட்ட ‘சிவப்பு நூல்’ மாதிரி ஒப்பந்தத்தில், 1999 பதிப்பிலும் 2017 பதிப்பிலும், 1.14ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அந்த வரி இருந்தால் வேலை கொடுத்தவர் முழு வேலையையும் உங்களிடமே கேட்கலாம். 40:60 என்பது உங்கள் இருவருக்குள் கணக்குத் தீர்க்க மட்டுமே.

அப்படியிருக்க, ‘பைல்கள் தரமில்லை’ என்று நீங்கள் எழுதினால் அது கூட்டாளிமீது சொன்ன புகாராக நிற்காது; உங்கள் சொந்த ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். கட்சிக்காரர்கள் கோபத்தில் எழுதிய இத்தகைய கடிதங்களை எதிர்த்தரப்பு நடுவர் மன்றத்தில் முதல் ஆவணமாக வைப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு அதற்குப்பின் மறுத்துப் பேச வாயில்லை. தரத்தில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. மேலே ஒரு மாடி எழும் முன் சோதனை நடத்துங்கள், முடிவு எதுவானாலும் சரிசெய்யும் திட்டத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்தது, வேலையை முடிப்பீர்கள் என்பதற்கு ஈடாக வேலை கொடுத்தவரிடம் கொடுத்திருக்கும் வங்கி உத்தரவாதம். முழுத் தொகைக்கும் உங்கள் வங்கிதான் கொடுத்திருக்கிறதா? கேட்டவுடன் செலுத்தும் வகை என்றால், தவறு யாருடையது என்று வங்கி விசாரிக்காது. இவ்வகை உத்தரவாதங்களுக்காகப் பன்னாட்டு வணிகச் சபை வெளியிட்ட 758ஆம் எண் விதிகளுக்கு உட்பட்டதாக இருந்தால், கோரிக்கையைப் பரிசீலிக்க வங்கிக்கு ஐந்து வேலைநாள்தான். தெளிவான மோசடியை நிரூபிக்காமல் நீதிமன்றத் தடை கிடைப்பது அரிது. கூட்டாளியை வழிக்குக் கொண்டுவரலாம் என்று நீங்களும் வேலையை நிறுத்தினால், ஒப்பந்தம் ரத்தாகும், உத்தரவாதப் பணம் போகும், அடகு வைத்த சொத்தில் வங்கி கைவைக்கும். வழக்கில் பிறகு ஜெயித்தாலும் அதுவரை தொழில் தாங்காது.

ஆகவே சமாதானமாகப் போங்கள். மீதி அஸ்திவாரத்தை இன்ன நிறுவனத்தைக் கொண்டு இன்ன தேதிக்குள் முடிக்கிறேன் என்று வேலை கொடுத்தவரிடம் செல்லுங்கள். கூட்டணியை மாற்ற அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் தேவைப்படும், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கூட்டாளி விலகட்டும், ஆனால் கணக்குத் தீர்ந்தது என்று எழுதிக்கொடுத்து அனுப்பாதீர்கள். இதுவரை முடிந்த வேலையின் அளவெடுப்புப் பதிவில் இருவரும் கையெழுத்திட்டு, கூடுதல் செலவை அவர் ஏற்பதாக எழுதி வாங்குங்கள். முழுத் தொகையும் திரும்பாது. பாதி கிடைத்தாலும், வருடக்கணக்கில் வழக்கு நடத்துவதைவிட எனக்கு அது நல்ல முடிவாகத் தெரிகிறது.

இனி கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போது முடித்த வேலைகளின் புகைப்படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இப்போது அவர் கையில் எத்தனை வேலை ஓடுகிறது, எவ்வளவு தொகைக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்கிறார், அந்தப் பைல் இயந்திரங்கள் சொந்தமா வாடகையா என்று கேளுங்கள். அனுபவச் சான்று தாய் நிறுவனத்தின் பெயரில் இருக்க, கையெழுத்திடுவது நேற்று தொடங்கிய துணை நிறுவனமாக இருந்தால், தாய் நிறுவனத்தின் உத்தரவாதம் இல்லாமல் டெண்டரில் சேராதீர்கள். அவருடைய பங்குக்கு அவருடைய வங்கியே உங்கள் பெயருக்கு எதிர் உத்தரவாதம் தரவேண்டும் என்றும் கேளுங்கள்.

நோட்டீஸில் கொடுத்த கெடு என்றைக்கு முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் ஒரு பதில் போயே ஆகவேண்டும்: வேலை தொடர்கிறது, திட்டம் இணைப்பில் இருக்கிறது, உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வளவு போதும், கூட்டாளியைக் குறைசொல்லி ஒரு சொல்லும் வேண்டாம்.