வாசகர் கேள்விகள்: அறிக்கை கணினிக்குள் வரும்போது

கேள்வி: பாராளுமன்றத்துக்குப் போகும் எங்கள் திணைக்களத்தின் வருடாந்தச் செயலாற்றுகை அறிக்கையை இம்முறை மின்பிரதியாகவே கொடுக்கலாம் என்றேன். "சீலும் கையெழுத்தும் இல்லாவிட்டால் செல்லாது" என்கிறார் மூத்தவர் ஒருவர். யார் சொல்வது சரி?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மின்வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தைச் செல்லாது என்று ஒதுக்க முடியாது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. ஆனால் உங்கள் அமைச்சு எத்தனை அச்சுப் பிரதி கேட்கிறது என்று சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்த மூத்தவரோடு கோபிக்க வேண்டாம். நானும் முப்பது வருடம் சீல் குத்திய தாளை நம்பிய கிளாக்கர்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோர அலுவலகம் ஒன்றில் நனைந்த கோப்புகளை முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டோம். மை கரைந்துபோன பக்கங்களுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. அன்றைக்கு என் நம்பிக்கை ஆடிப்போனது.

கேள்வி: ஓர் அறிக்கையை இணையத்திலிருந்து இறக்கி, எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினேன். எதுவும் வரவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினால் நாலு இடத்தில் இருக்கிறது! ஏன் இப்படி?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: தம்பி, இதற்கு இரண்டு காரணம் உண்டு. இரண்டையும் நானே செய்திருக்கிறேன்.

முதலாவது பாமினி எழுத்துரு. அதில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கணினி உள்ளே வைத்திருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளை. நீங்கள் கைபேசியில் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையில், தேடினால் அது எப்படி அகப்படும்? சிங்களப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் தேடலில் கிடைத்து, தமிழ்ப் பிரதி மட்டும் ஊமையாகக் கிடந்தால் தமிழில் வாசிக்கிற நாங்கள்தான் இழக்கிறோம். இதைச் சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று விட எனக்கு மனமில்லை.

இரண்டாவது ஸ்கேன். அறிக்கையைக் கணினியில் தயாரித்து, அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, புத்தகம் முழுவதையும் திரும்ப ஸ்கேன் பண்ணி அனுப்புவோம். எழுத்தெல்லாம் படமாகிவிடும். கையெழுத்துள்ள முகப்புக் கடிதத்தை மட்டும் ஸ்கேன் பண்ணினால் போதும். மற்றதை யூனிகோடில் தட்டி வேர்டிலிருந்து நேராகப் பீடிஎப் ஆக்குங்கள். கணக்கு அட்டவணைகளை எக்செலிலும் கொடுங்கள். ஒரு குளத்தின் திருத்த வேலைக்கு மூன்று வருடமாக எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஒப்பிட நினைக்கும் பாராளுமன்ற உறுப்பினர், படத்தைப் பார்த்து எண்களைக் கையால் எழுத வேண்டியிருக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2022 டிசம்பரில் இதற்கென்றே சட்டம் வந்தது. அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தின் மூலம் கேட்கும் அறிக்கைகளை, அரச வெளியீட்டு அலுவலகம் ஒரே இணையத்தளத்தில் தேடக்கூடியபடி, இலவசமாக வைக்க வேண்டும். இரகசியத் தகவல்களுக்கு விலக்கு உண்டு. நாங்களும் கேட்க வேண்டியது அந்த 'தேடக்கூடியபடி' என்ற சொல்லைத்தான். தமிழிலும் சேர்த்து.

கேள்வி: எனக்கு இணையம் பழக்கமில்லை. எல்லாம் கணினிக்குப் போனால் என்னைப் போன்றவர்கள் எங்கே வாசிப்பது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை

பதில்: ஐயா, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்களையும் நினைத்திருக்கிறது. அதன் 8ஆம் பிரிவின்படி அமைச்சுகள் வருடத்துக்கு இரண்டு தடவை வெளியிடும் அறிக்கை மின்வடிவிலும் இருக்க வேண்டும், நேரில் பார்வையிடவும் வைக்க வேண்டும். கட்டணம் கட்டிப் பிரதியும் பெறலாம். வேறு அறிக்கை என்றால் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்ததும் அத்தாட்சித் துண்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.