வாசகர் கேள்வி பதில்: பாக்கெட்ல ஒரு மடக்குக் கத்தி

இந்த தடவ வந்த கடிதங்கள்ல மடக்குக் கத்தி, பேனாக்கத்தி பத்தி கேட்டதை மட்டும் தனியா எடுத்து வச்சிருக்கேன். பல்லாயிரம் குடுத்து வாங்கி கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்குற கத்தி எனக்கு ஆர்வமில்லாத விஷயம். மாங்கா நறுக்க, சணல் அறுக்க, பார்சல் பிரிக்கன்னு தினமும் கைக்கு வர்ற, சாதாரண சம்பளக்காரன் வாங்கக்கூடிய பழைய பாணி கத்திதான் எனக்கு உசுரு.

பிரான்ஸ்ல இருக்குற சித்தப்பா லீவுக்கு வந்தப்ப ஓபினெல் 8-ம் நம்பர் கத்தி ஒண்ணு குடுத்தாரு. வெயில் காலத்துல நல்லா இருந்துச்சு, ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் நகம் பிஞ்சு போற அளவுக்கு இழுத்தாலும் திறக்க மாட்டேங்குது. கத்தி போச்சா?
- வாசகர், லாஸ்பேட்டை

ஒண்ணும் போகலங்க. அந்தப் பிடி பெரும்பாலும் பீச்சுன்ற ஐரோப்பிய மரத்துல செஞ்சது, காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து உப்பிக்கும், அப்போ நடுவுல அலகு உக்கார்ற காடி இறுகிப்போய் கத்தியைக் கவ்விக்கும். இந்தக் கத்தி பொறந்த பிரான்ஸ் நாட்டு சவோய் மலை ஊர்க்காரங்களுக்கும் இதே தொந்தரவு உண்டு, அவங்க பண்றது என்னன்னா, கத்தியோட கழுத்துல இருக்குற வளையத்தைத் திறக்குற பக்கமா திருப்பிட்டு பிடியோட அடி நுனியை மேசை ஓரத்துல நச்சுனு ஒரு தட்டு தட்டுவாங்க, அலகு கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும், அப்புறம் விரலால எடுத்துக்கலாம். தட்டும்போது காடி இருக்குற பக்கம் விரல் வேணாம்.

நிரந்தரமா சரி பண்ணணும்னா பங்குனி சித்திரைல மரம் நல்லா காஞ்சிருக்கும்போது பண்ணுங்க. பழைய விசிட்டிங் கார்டு மேல உப்புத்தாள் சுத்தி காடிக்குள்ள ரெண்டு பக்கமும் லேசா தேய்ங்க, பெயிண்ட் கடைல லின்சீட் ஆயில் கிடைக்கும், அதை துணில தொட்டு பிடிக்கு மெல்லிசா பூசி காய விட்டு மறுபடி பூசுங்க. வெயில்ல போட்டு காய வைக்காதீங்க, மரம் வெடிக்கும். பாத்திரத்தோட சேத்து சிங்க்ல ஊறப் போடவே கூடாது, வீட்ல இருக்குறவங்ககிட்டயும் சொல்லி வைங்க.

ஜோசப் ஓபினெல் இதை 1890ல செய்ய ஆரம்பிச்சாரு, 1897ல 1லருந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு 12 சைஸ் வந்துச்சு. உங்க கத்தில கழுத்துல சுத்துற அந்த வளையம் 1955ல வந்தது, திறந்திருக்கும்போது அலகு மடங்கி விரல்ல விழாம பிடிச்சுக்கும். வேலை செய்யும்போது அதைப் பூட்டாம யூஸ் பண்ணாதீங்க.

கலெக்‌ஷன் ஆரம்பிக்கணும்னு ஆசை, மாசம் ஒரு சின்னத் தொகைதான் ஒதுக்க முடியும். எதுல ஆரம்பிக்கலாம் அண்ணே?
- கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்

தம்பி, மொதல்ல ஒரே ஒரு கத்தி வாங்குங்க, அதை ஒரு மழைக்காலம் முழுக்க யூஸ் பண்ணுங்க, அப்புறம்தான் ரெண்டாவது. பத்து கத்தி வாங்கி ஒண்ணையும் தீட்டத் தெரியாம வச்சிருக்குறவங்க நிறைய பேர் எனக்கு எழுதுறாங்க, அவங்க கத்தியெல்லாம் டப்பாக்குள்ளயே துருப்பிடிக்குது.

கடலூர் மாதிரி கடலோர ஊருக்கு மொதல் கத்தி ஸ்டெயின்லஸ்ஸா இருக்கட்டும். சுவிஸ்காரங்களோட விக்டோரினாக்ஸ் சின்ன மாடல் ஒண்ணு போதும், கார்ல் எல்சனர் 1884ல தொடங்கின பட்டறை, 1891ல சுவிஸ் சிப்பாய்ங்களுக்குக் கத்தி குடுத்தாங்க, நாம எல்லாரும் பாத்திருக்குற அந்த செவப்புக் கத்தியோட மூதாதை 1897ல வந்துச்சு. அதோட ஸ்டீல் கொஞ்சம் மிருதுவானது, சீக்கிரம் கூர் போகும், ஆனா நம்ம ஊரு கல்லுலயே அஞ்சு நிமிஷத்துல தீட்டிடலாம், கத்துக்குறவனுக்கு அதுதான் நல்லது. சின்ன மாடல்ல லாக் இருக்காது, முதுகுல இருக்குற பட்டை ஸ்பிரிங்தான் அலகைப் பிடிச்சு வைக்கும், அதனால நுனியால குத்தித் தள்ளுற வேலைக்கு வேணாம், இழுத்து அறுக்குறதுக்கு மட்டும்.

ஓபினெல் வாங்குறதா இருந்தா அலகுல என்ன பொறிச்சிருக்குன்னு பாருங்க. இனாக்ஸ்னு இருந்தா ஸ்டெயின்லஸ், கார்போன்னு இருந்தா துருப்பிடிக்குற கார்பன் ஸ்டீல். இந்த ஒரு கம்பெனியை மட்டும் வச்சே அழகா கலெக்‌ஷன் பண்ணலாம், 1ம் நம்பரும் 11ம் நம்பரும் ரொம்ப வருஷம் முன்னாடியே நிறுத்திட்டாங்க, மிச்சம் 2லருந்து 10 வரைக்கும் அப்புறம் 12, மொத்தம் பத்து கத்தி. சின்னதுங்க நாலுலயும், அதாவது 2லருந்து 5 வரைக்கும், வளையம் கிடையாது.

அடுத்த கட்டத்துக்கு ரெண்டு பேர் சொல்றேன். பிரான்ஸ்ல தியேர்ன்ற ஊரு முழுக்க கத்தி செய்றவங்கதான், அங்க 1929லருந்து வர்ற டூக்-டூக், தகடை மடிச்சு பிடியாக்கினது, மரமே இல்லாததால மழைக்கு உப்பாது. இன்னொண்ணு ஜப்பான் மிக்கி ஊரோட ஹிகோனோகாமி, அதுவும் மடிச்ச தகடு பிடி, ஸ்பிரிங் இல்ல லாக் இல்ல, அலகோட வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குறதை கட்டை விரலால அமுக்கிப் பிடிக்கணும். அந்தக் காலத்து ஜப்பான் பள்ளிக்கூடப் பசங்க பென்சில் சீவின கத்தி அது. லாகியோல்னு பேர் போட்டு மலிவா வர்றதை மட்டும் பாத்து வாங்குங்க, லாகியோல் ஒரு கிராமத்துப் பேரு, ஒரே கம்பெனியோட பேரு இல்ல, அந்தப் பேரைப் போட்டு எங்கெங்கயோ செஞ்சு விக்குறாங்க.

எங்க தோப்புல பலாவும் முந்திரியும். கார்பன் ஸ்டீல் கத்தி வாங்கி ஒரே வாரத்துல அலகு கருநீலமா ஆயிடுச்சு, நடுவுல செம்மண் கலர்ல புள்ளி வேற. தேய்ச்சு வெள்ளையாக்கணுமா? பலாப் பால் ஒட்டினதும் போக மாட்டேங்குது.
- வாசகர், பண்ருட்டி

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஐயா, அலகுல ரெண்டு விதமான நிறம் வரும், ரெண்டையும் ஒண்ணா நினைக்காதீங்க. கருநீலம், சாம்பல், கருப்பு இதெல்லாம் நல்ல நிறம். முந்திரிப் பழத்துல துவர்ப்பு இருக்குல்ல, அந்தத் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேந்தா கருப்பாகும், கடுக்காயும் அன்னபேதின்ற இரும்பு உப்பும் போட்டு அந்தக் காலத்துல மை காய்ச்சினதுல நடக்குறதும் இதேதான். மாங்கா, எலுமிச்சை, வாழைப்பூ எது நறுக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமா அந்தப் படலம் ஏறும், ஏறின பிறகு புதுத் துரு அவ்வளவு லேசுல பிடிக்காது. அதைத் தேய்ச்சு எடுத்துட்டீங்கன்னா கத்தியோட சட்டையைக் கழட்டின மாதிரி, மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும்.

செம்மண் கலர்ல தொட்டா விரல்ல ஒட்டுறதுதான் கெட்டது, அது துரு, அடியில குழி பறிக்கும். அந்தப் புள்ளியை மட்டும் எண்ணெய் தொட்ட நைஸ் உப்புத்தாளாலயோ ஸ்டீல் உல்லாலயோ தேய்ச்சு எடுங்க, சுத்தியிருக்குற கருப்பைத் தொடாதீங்க.

நம்ம பக்கம் ஏன் இவ்வளவு சீக்கிரம் துரு வருதுன்னா கடல் காத்துல உப்பு இருக்கு, தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கம் குடியிருக்குறவங்க ஜன்னல் கம்பியைப் பாத்தாலே தெரியும். காத்துல ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிடும், அப்போ அலகு மேல கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணி படிஞ்சு கிடக்கும், நீங்க நனைக்கவே இல்லனாலும். அதனால தண்ணில ஒரு அலசு, உடனே துணில துடைப்பு, அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய், இந்த மூணும் தினசரி பழக்கமா ஆகணும். எண்ணெய்ல தேங்கா எண்ணெய் பரவால்ல, நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் நாளாக ஆக பிசுக்குப் பிடிச்சு கீல்ல கெட்டியாயிடும். எல்லாத்துலயும் நல்லது மருந்துக்கடைல விக்குற லிக்விட் பாரஃபின், மலச்சிக்கலுக்குக் குடுக்குறது, பிசுக்காகாது, சாப்பாட்டுப் பொருள் நறுக்குற கத்திக்கும் பயமில்ல.

தோல் உறையோட கத்தியை பீரோல வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பதப்படுத்தின ரசாயனமும் சேந்து அலகைத் தின்னும். உறை இடுப்புல மாட்டிட்டுப் போறதுக்கு, வீட்டுக்கு வந்ததும் கத்தி வெளிய இருக்கணும்.

பலாப் பாலுக்கு நீங்களே கைல எண்ணெய் தடவிக்கிட்டுதானே சுளை எடுப்பீங்க, கத்திக்கும் அதே வைத்தியம்தான், அறுக்குறதுக்கு முன்னாடி அலகு, கீல், காடி எல்லாத்துலயும் தேங்கா எண்ணெய். ஒட்டிக்கிட்டா எண்ணெய் தொட்ட துணியால தேய்ங்க, அப்புறம் சோப்பு. தண்ணியை ஊத்தித் தேய்ச்சா இன்னும் கெட்டியாகும். முழுப் பழத்தைப் பிளக்குறது அரிவாளோட வேலை, மடக்குக் கத்தியால பிளந்தீங்கன்னா கீல் ஆட்டம் குடுத்துடும். முந்திரிக் கொட்டை ஓட்டையும் இதால நோண்ட வேணாம், அந்த ஓட்டு எண்ணெய் தோலை வெந்து போக வச்சிடும்.

தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுக்கலாமா, வீட்லயே தீட்டலாமா?
- வாசகர், கடலூர் ஓ.டி.

அரிவாள்மனை, கசாப்புக் கத்தி இதெல்லாம் அவர்கிட்ட தாராளமா குடுங்க, அந்தத் தொழிலும் பொழைக்கணும். மெல்லிசான மடக்குக் கத்திக்கு வேகமா சுத்துற காஞ்ச சக்கரம் ஆகாது. பொறி பறக்கும்போது அலகு ஓரம் சூடேறி நீலமா மாறிடுச்சுன்னா அங்க வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரிக்குப் போயிருக்குன்னு அர்த்தம், அந்த இடத்துல இரும்போட பதம் போயிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

ஹார்டுவேர் கடைல கார்போரண்டம் கல்லு கேளுங்க, ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ், இன்னொரு கல்லு தேவையே இல்ல. முக்கியம் கோணம். ஒவ்வொரு பக்கமும் 15லருந்து 20 டிகிரி. அளக்குறதுக்கு சுலபமான வழி, அலகு 18 மில்லிமீட்டர் அகலம்னா முதுகு கல்லுலருந்து 5, 6 மில்லிமீட்டர் தூக்கியிருக்கணும், மூணு பத்து ரூபா காயினை அடுக்கினா ஏறக்குறைய அந்த உயரம். அந்தச் சாய்மானத்தைக் கை மறக்காம, கல்லு மேல மெல்லிசா ஒரு ஏடு சீவுற மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டே போங்க. ஒரு பக்கமே தேய்ச்சுக்கிட்டு இருந்தா மறுபக்கம் ஓரத்துல பிசிறு ஏறும், விரலை முதுகுலருந்து ஓரத்தைப் பாத்து வெளிப்பக்கமா தடவினா தட்டுப்படும், ஓரத்து நீளத்துக்கு ஓட்டக் கூடாது, அறுத்துடும். அடிலருந்து நுனி வரைக்கும் பிசிறு வந்த பிறகுதான் பக்கம் மாத்தணும், நிறைய பேர் தோக்குற இடம் இதுதான், பிசிறு வர்றதுக்குள்ள பொறுமை போயிடும். கடைசியா நைஸ் பக்கத்துல மாத்தி மாத்தி லேசா, அப்புறம் பழைய தோல் பெல்ட்டோட உள்பக்கத்துல ஓரம் பின்னால வர்ற மாதிரி இழுங்க, பிசிறு விழுந்துடும். நியூஸ்பேப்பர் ஓரத்தை சத்தமில்லாம அறுத்தா வேலை முடிஞ்சுது.

அப்பாவோட பேனாக்கத்தி, அவர் போய் நாளாச்சு. ஆயுத பூஜைக்கு மட்டும் எடுத்து சந்தனம் குங்குமம் வைப்போம். இப்போ திறக்கவே வரல. கடைல குடுத்து பாலிஷ் போடலாமா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பாலிஷ் வேணாம்மா, தயவுசெஞ்சு வேணாம். பாலிஷ் சக்கரம் அப்பா தீட்டித் தீட்டி உண்டாக்குன வளைவையும் அலகுல இருக்குற கம்பெனி முத்திரையையும் சேத்து அழிச்சிடும். கீல்ல மண்ணெண்ணெயோ மெஷின் ஆயிலோ விட்டு ஒரு ராத்திரி வைங்க, மறுநாள் அலகுல நகம் வச்சு இழுக்குற குழில துணி வச்சு மெதுவா இழுங்க, வரலனா மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. கட்டிங் பிளேயர் போட்டு இழுக்க வேணாம். திறந்ததும் உள்ள இருக்குற அழுக்கை பல்குத்தும் குச்சியால எடுத்துட்டு, துருவை நைஸ் ஸ்டீல் உல்லால எண்ணெயோட தேய்ங்க, சோப்புல கழுவி நல்லா துடைச்சு எண்ணெய் போடுங்க.

பூஜையை விட வேண்டாம். ஈர சந்தனமும் குங்குமமும் ராத்திரி முழுக்க அலகு மேல இருக்குறதுதான் துருவுக்கு வழி, அதனால பொட்டை பிடி மேல வைங்க, மறுநாள் எடுக்கும்போது துடைச்சு எண்ணெய் விடுங்க. அப்புறம் வாரத்துல ஒரு நாளாவது அந்தக் கத்தியால ஒரு எலுமிச்சையாவது நறுக்குங்க, திறந்து மூடினாத்தான் கீல் உயிரோட இருக்கும், அப்பா கை பட்ட பொருள் வருஷம் பூரா இருட்டுல கிடக்க வேணாம்.

மடக்குக் கத்தி முழுக்க வெள்ளைக்காரங்க சமாச்சாரம்தானா? நம்ம ஊர்ல ஒண்ணும் இல்லையா?
- வாசகர், நெல்லித்தோப்பு

இருக்குங்க, நல்ல கேள்வி கேட்டீங்க. மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் ஓலைல எழுதுற ஊசி முனை, மறுபக்கம் ஓலையை நறுக்கி ஓரம் சீவுற சின்னக் கத்தி, ரெண்டும் பிடிக்குள்ள மடங்கிக்கும். வேலைக்காக இடுப்புல செருகிட்டுப் போன நம்ம ஊரு மடக்குக் கத்தி அதுதான். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955லருந்து இருக்கு, அங்க சேத்து வச்சிருக்குற சைவ ஓலைச்சுவடிங்க 2005ல யுனெஸ்கோவோட உலக நினைவுப் பட்டியல்ல ஏறுச்சு. அந்த மாதிரி சுவடியோட ஒவ்வொரு ஏட்டையும் யாரோ ஒரு கத்தியால அளவா நறுக்கிதான் கட்டியிருக்காங்க. பழைய வீடு பிரிக்குற இடத்துல, காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய இரும்பு பரப்பி வைக்குறவங்ககிட்ட, துருப்பிடிச்ச எழுத்தாணி மாதிரி எதாவது பாத்தீங்கன்னா கையில எடுத்துப் பாருங்க, வெளிநாட்டுக் கத்தியைத் தேடுற நேரத்துல பாதியை இதுக்குக் குடுங்கன்னு எல்லாரையும் கெஞ்சிக் கேட்டுக்குறேன். பழசு வாங்கும்போது அலகைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆட்டம் அதிகம்னா விடுங்க. மேல் துரு பரவால்ல, ஓரத்துல குழி விழுந்திருந்தா வேணாம்.

ஃபிரான்ஸ் மச்சான் கத்தி குடுத்துட்டு என்கிட்ட ஒரு ரூபா காசு வாங்கிக்கிட்டான், ஏன்?
- வாசகர், முதலியார்பேட்டை

கத்தியை சும்மா குடுத்தா உறவை வெட்டிடும்னு அங்க ஒரு நம்பிக்கை, காசு வாங்கிட்டா அது வித்த கணக்கு. நம்ம வீட்ல கத்தியைக் கைல குடுக்காம கீழ வச்சு எடுத்துக்கச் சொல்றாங்கல்ல, அந்த மாதிரி.

பாக்கெட்ல வச்சுக்கிட்டு சுத்தினா போலீஸ் பிடிக்குமா?
- பேர் வேண்டாம்னு எழுதினவர், கடலூர்

ஆயுத விதிகள்ல 9 இஞ்ச்சுக்கு மேல நீளமோ 2 இஞ்ச்சுக்கு மேல அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்குல வரும், வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. ஓபினெல் 8ம் நம்பரோட அலகு எட்டரை சென்டிமீட்டர்தான், மூணரை இஞ்ச்கூட இல்ல. ஆனாலும் அளவு சின்னதுன்றதுக்காக திருவிழாக் கூட்டம், கட்சிக் கூட்டம், கோர்ட்டு, ஆஸ்பத்திரிக்கெல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்க, கேட்டா என்ன வேலைக்குன்னு சொல்ற இடத்துல மட்டும் பாக்கெட்ல இருக்கட்டும். பட்டன் அமுக்கினா பாயுற கத்தியை வாங்கவே வாங்காதீங்க. ஃபிளைட்ல போறப்ப ஹேண்ட் பேக்ல வச்சா செக்கிங்ல பிடுங்கிடுவாங்க, உள்ள போடுற பெரிய பெட்டில துணியில சுத்தி வைங்க.