‘தி பைக்ரைடர்ஸ்’ பாக்கலாமா? ரேட்டிங்கை நம்பறதா, ஃப்ரெண்ட்ஸை நம்பறதா?

கேள்வி: விமர்சனங்களைத் தொகுத்துப் போடற ராட்டன் டொமேட்டோஸ் சைட்ல இந்தப் படத்துக்கு 80% பக்கம் இருக்கு, ஆனா பாத்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் செம ஸ்லோங்கறாங்க. அப்பாவுக்கு பழைய பைக்குன்னா உயிரு, அவரோட உக்காந்து பாக்கலாமா?

பதில்: பாக்கலாங்க, ஆனா அந்த 80% படத்துக்குப் போட்ட மார்க் இல்ல. நூறு விமர்சகர்ல எண்பது பேர் பாசிட்டிவா எழுதியிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம், அதுல ‘பரவால்ல’ன்னு எழுதினவரும் ‘அசத்தல்’னு எழுதினவரும் ஒண்ணுதான். அதனால நம்பரை விட்டுட்டு ரிவ்யூவைப் படிங்க, புகழ்ந்தவங்க திட்டினவங்க எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருப்பாங்க, படத்துல கதையை விட அந்தச் சூழலும் உணர்வும்தான் ஜாஸ்தி.

அதுக்குக் காரணம் இருக்கு. டேனி லயான்ங்கற போட்டோகிராஃபர் 60கள்ல சிகாகோ அவுட்லாஸ் பைக் கிளப்புல மெம்பராவே சேந்து, போட்டோ எடுத்து, அவங்க பேச்சை டேப்ல பதிஞ்சு போட்ட புக்குதான் இதுக்கு மூலம், போட்டோ புக்குல கதைன்னு ஒண்ணு இருக்காதில்லையா, அதனால டைரக்டர் ஜெஃப் நிக்கோல்ஸ் கிளப்புக்கு வேண்டல்ஸ்னு பேர் மாத்தி, கிளப் மெம்பர் பென்னியோட மனைவி கேத்தி பேட்டி குடுக்கற மாதிரி வெச்சு கோத்துட்டாரு. கேத்தியா வர்ற ஜோடி கோமரோட பேச்சு ஓவர்னு சில பேர் எழுதினாங்க, ஆனா அவங்க நிஜ கேத்தியோட அந்த டேப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகினது, எனக்கு படத்தோட உயிரே அவங்கதான்.

ஆஸ்டின் பட்லரோட பென்னி வெறும் அழகு, உள்ள ஒண்ணுமில்லன்னு ஒரு குறை வந்துச்சு, இதை நான் ஒத்துக்கமாட்டேன், கேத்தியும் கிளப் தலைவரா வர்ற டாம் ஹார்டியோட ஜானியும் ஆளுக்கொரு பக்கம் அவனை இழுக்கறாங்க, அவன் யாருக்கும் பிடி குடுக்காம நிக்கறதுலதான் படமே நிக்குது. ஆனா கடைசிப் பகுதில வியட்நாம்ல இருந்து வந்த பசங்க சேந்து கிளப் ரவுடித்தனமா மாறறதை அவசரமா ஓட்டிட்டாங்கன்னு சொல்றது நியாயம்தான்.

இன்னொண்ணு, ரிவ்யூவோட தேதியைப் பாருங்க. 2023ல அமெரிக்காவுல நடக்கற டெல்லுரைடு ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல காட்டி, டிசம்பர்ல வர வேண்டியது நடிகர்கள் ஸ்ட்ரைக்கால தள்ளிப்போய் 2024 ஜூன்லதான் தியேட்டருக்கு வந்துச்சு, ஃபெஸ்டிவல் நேரத்து ரிவ்யூ சிலதுல ஆஸ்கர் பேச்சு இருக்கும், அதை வெச்சு எதிர்பார்ப்பை ஏத்திக்காதீங்க.

அப்பாகிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, ரேஸ், சேஸிங்னு பெருசா கிடையாது, அடிதடியும் கெட்ட வார்த்தையும் நிறைய, அமெரிக்காவுல ஆர் ரேட்டிங், அதாவது 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க பெரியவங்க துணையோடதான் பாக்கணும். பழைய ஹார்லி சத்தத்துக்காகவாவது நல்ல ஸ்பீக்கர்ல போடுங்க, கூடவே சப்டைட்டிலும். நடுவுல ராத்திரில ஜானி பென்னிகிட்ட கிளப்பை நீ எடுத்துக்கோன்னு முகத்துக்கிட்ட வந்து கேக்கற சீன் வரும், அதுவே உங்களை இழுக்கலன்னா தயங்காம நிறுத்திடுங்க.